இன்றைக்கு இறங்க வேண்டாம் என்று யார் சொல்வது?

(பழவேற்காட்டில் மீனவ இளைஞர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



கடலோர ஊர்களுக்குப் போகும்போதெல்லாம் இளைஞர்கள் என்னைத் தனியே கூப்பிட்டு ஒரு கேள்வி கேட்கிறார்கள். "அண்ணே, ஸ்கூபா கத்துக்கிட்டா வேலை கிடைக்குமா? நல்ல சம்பளமாமே?" கேட்கிற தம்பியின் போனில் அந்தமானின் நீலத் தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும். பவளப்பாறைக்கு மேலே இரண்டு பேர் மிதப்பார்கள். ஒருவர் கேமராவைப் பார்த்துக் கையசைப்பார். மற்றவர் அவருக்குப் பின்னால் கொஞ்சம் மேலே நின்று அவருடைய சிலிண்டரின் கழுத்தைப் பிடித்துக்கொண்டிருப்பார்.

அந்த இரண்டாவது ஆளைப் பாருங்கள். முன்னால் இருப்பவர் காசு கொடுத்து இறங்கியவர். பின்னால் இருப்பவர் காசு வாங்கி இறங்கியவர். இருவரும் போட்டிருக்கும் உடுப்பு ஒன்று, சுவாசிக்கும் காற்று ஒன்று, மேலே அழுத்தும் தண்ணீரும் ஒன்று. காலையில் மூக்கடைப்பு என்றால் முன்னவர் படகிலேயே உட்கார்ந்துகொள்ளலாம். பின்னவர் உட்கார்ந்தால் அன்றைய கூலி போய்விடும். இரண்டு மூன்று முறை உட்கார்ந்தால் அடுத்த சீசனுக்கு அவரைக் கூப்பிட மாட்டார்கள். மூழ்குவதைப் பொழுதுபோக்காகச் செய்கிறவரையும் தொழிலாகச் செய்கிறவரையும் பிரிப்பது இதுதான்: "இன்றைக்கு நான் இறங்கவில்லை" என்று சொல்லும் உரிமை. அது யாரிடம் இருக்கிறது என்று பேசத்தான் வந்திருக்கிறேன்.

முதலில் அந்த வேலை எப்படிப்பட்டது என்று பார்ப்போம். சுற்றுலாத் தலத்தில் டைவ் கைடாக இருக்கும் பையனுக்கு விடியும்போதே வேலை தொடங்கிவிடும். வழக்கமான அலுமினிய சிலிண்டர் காலியாக இருக்கும்போதே ஏறக்குறைய 14 கிலோ. அதில் 200 பார் அழுத்தத்தில் காற்று அடைத்து, மணலில் சுமந்து, இடுப்பளவு தண்ணீரில் நடந்து படகில் ஏற்ற வேண்டும். பிறகு, வாழ்க்கையில் முதல்முறையாகக் கடலில் இறங்கும் விருந்தாளிக்கு வாயால் மூச்சு விடக் கற்றுத் தர வேண்டும். அவருக்கு நீச்சலே தெரியாமல் இருக்கலாம். கீழே போனதும் கைடின் கண் மீனைப் பார்க்காது. விருந்தாளியின் வாயிலிருந்து கிளம்பும் குமிழியைப் பார்க்கும். குமிழி சீராக வந்தால் ஆள் நிதானமாக இருக்கிறார். சட்டென்று அடர்த்தியாகப் பொங்கினால் பயந்துவிட்டார். அடுத்த நொடி அவர் வாயிலிருக்கும், காற்று தரும் ரெகுலேட்டரைப் பிடுங்கி எறியலாம், காலை உதைத்து நேராக மேலே பாயலாம். அப்போது கைடு ஒரு கையால் ரெகுலேட்டரை அவர் வாயோடு அழுத்திப் பிடித்து, மறு கையால் அவரைக் கீழே இழுத்து நிறுத்த வேண்டும். மேலே வந்ததும் அந்த விருந்தாளி, ஆமை தெரியவில்லை என்று குறைபட்டுக்கொள்வார். அதே பையன் சிலிண்டரை மாற்றிக்கொண்டு அடுத்தவரோடு இறங்குவான்.

இத்தனை கண்காணிப்பு எதற்கு? 10 மீட்டர் இறங்கினால் உடலின் மேல் அழுத்தம் இரட்டிப்பாகிறது. 30 மீட்டரில் நான்கு மடங்கு. கரையில் ஒரு மணி நேரம் வரும் காற்று அங்கே கால் மணி நேரம்தான் வரும். அழுத்தத்தில் சுவாசிக்கும்போது காற்றிலுள்ள நைட்ரஜன் ரத்தத்திலும் சதையிலும் கரைகிறது. மெதுவாக ஏறினால் வந்த வழியே மூச்சில் வெளியேறிவிடும். அவசரமாக ஏறினால் உடம்புக்குள்ளேயே குமிழியாகிவிடும். அந்தக் குமிழி மூட்டில் நின்றால் தாங்க முடியாத வலி, முதுகுத்தண்டில் நின்றால் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும். மூச்சை அடக்கிக்கொண்டு ஏறுகிறவருக்கு நுரையீரலே கிழியலாம். தம் கட்டி மூழ்கிப் பழகிய நம் பிள்ளைகள் இங்கே கவனமாக இருக்க வேண்டும். தம் கட்டி இறங்குகிறவர் மேலே எடுத்துக்கொண்ட காற்றோடுதான் போகிறார், அதோடுதான் திரும்புகிறார். சிலிண்டர் காற்றை ஆழத்தில் சுவாசித்தவர் ஏறும்போது, உள்ளே இருக்கும் காற்று விரிந்துகொண்டே வரும். அவர் மூச்சை விட்டுக்கொண்டே ஏறியாக வேண்டும்.

எத்தனை ஆழம், எத்தனை நிமிடம், ஏறும்போது எங்கே நிற்பது என்ற கணக்கை ஜான் ஸ்காட் ஹால்டேன் என்ற பிரிட்டிஷ் விஞ்ஞானி ஆடுகளை வைத்துச் சோதித்து 1908-இல் வெளியிட்டார். ஜாக் கூஸ்தோவும் எமில் கான்யானும் பிரான்சில் தானியங்கி ரெகுலேட்டரை உருவாக்கியது 1943-இல். அதாவது, கருவி வருவதற்கு 35 ஆண்டுகளுக்கு முன்பே கட்டுப்பாடு வந்துவிட்டது. பொழுதுபோக்குக்காக மூழ்குகிறவர்கள் இன்று அந்தக் கட்டுப்பாட்டுக்குள் வெகு பத்திரமாக இருக்கிறார்கள். முதல் சான்றிதழ் வாங்கியவருக்கு 18 மீட்டர்தான் எல்லை. எவ்வளவு பயிற்சி இருந்தாலும் 40 மீட்டருக்குக் கீழே பொழுதுபோக்கு கிடையாது. ஏறும்போது 5 மீட்டரில் 3 நிமிடம் நிற்க வேண்டும். அந்த மூன்று நிமிடத்துக்காக அவர்கள் எதையும் இழப்பதில்லை. பிழைப்புக்காக இறங்குகிறவருக்கு அந்த மூன்று நிமிடமும் காசு.

நம் கரையில் கடலுக்கடியில் இறங்கிப் பிழைத்தவர்களின் வரலாறு பழையது. மன்னார் வளைகுடாவில் முத்துக்குளித்தவர்கள் கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு இறங்கி, ஒரு நிமிடம், சிலர் அதற்கும் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இருந்து சிப்பியைக் கூடையில் அள்ளினார்கள். மேலே படகில் ஒருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். அவர் குளியாளின் மனைவிக்கு உடன்பிறந்தவராக இருக்க வேண்டும், தங்கை தாலி அறுவதை அவன் விடமாட்டான் என்று கடற்கரையில் இன்றும் சொல்வார்கள். பிரிட்டிஷ் காலத்தில் எடுத்த சிப்பியில் மூன்றில் இரண்டு பங்கு அரசுக்கு, ஒரு பங்கு குளியாளுக்கு. பேரம் அப்படி ஒருதலையாக இருந்தும், குளியாட்கள் ஒரு விஷயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. சுறாவை மந்திரத்தால் கட்டுபவர் என்று நம்பப்பட்ட 'கடல் கட்டி' வந்து சடங்கு செய்யாமல் அவர்கள் தண்ணீரில் கால் வைக்கவில்லை. மந்திரத்தில் நம்பிக்கையில்லாத வெள்ளைக்கார அதிகாரிகள் அவரை அழைத்துவந்து அரசு செலவில் வைத்துக்கொண்டார்கள். மார்கோ போலோகூட இப்படி மந்திரிப்பவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்.

அதை மூடநம்பிக்கை என்று ஒதுக்கிவிடுவது எளிது. எனக்கு அதில் தெரிவது வேறு. ஆயிரக்கணக்கான பேர் ஒரே குரலில், "எங்கள் மனசு ஆறுகிற வரை இறங்க மாட்டோம்" என்று சொன்னார்கள். அரசாங்கம் காத்திருந்தது. தனி ஆளாக ஒருவன் அப்படிச் சொல்லியிருந்தால் அவனை விட்டுவிட்டுப் படகு போயிருக்கும்.

தூத்துக்குடியில் பெரிய முத்துக்குளிப்பு 1961-ஓடு நின்றுபோயிற்று. அதே காலத்தில் அந்தக் கடலுக்குள் ஸ்கூபாவும் வந்தது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தைச் சேர்ந்த மகாதேவனும் நாகப்பன் நாயரும் தாங்களே மூழ்கி, முத்துப்பார்களின் அடித்தளத்தை நேரில் பார்த்து ஆய்வுக் கட்டுரைகள் எழுதினார்கள். தமிழ்நாட்டில் ஸ்கூபா உல்லாசமாக வருவதற்கு வெகுநாள் முன்பே ஆராய்ச்சி வேலையாக வந்துவிட்டது என்பதைத் தம்பிகள் தெரிந்துகொள்ள வேண்டும்.

சங்கு எடுக்கும் தொழில் நிற்கவில்லை. வங்காளத்தில் வளையல் அறுக்கச் சங்கு இன்னும் போகிறது. தூத்துக்குடிப் பக்கம் படகில் கம்ப்ரசரை வைத்து, நீண்ட குழாயின் நுனியை வாயில் கவ்விக்கொண்டு இறங்குகிறார்கள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் "சிலிண்டர் எதுக்குண்ணே, கம்ப்ரசர் போதுமே" என்று கேட்கிறவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். சிலிண்டரில் காற்று தீர்ந்துவிடும். அது ஒரு தொல்லையாகத் தெரிந்தாலும் உண்மையில் அதுவே ஒரு காவல். காற்று குறையும்போது மேலே வந்தே ஆக வேண்டும். கம்ப்ரசர் குழாயில் காற்று தீராது. என்ஜின் ஓடும்வரை கீழே இருக்கலாம். சங்கு கண்ணில் படும்வரை இருக்கலாம். உடம்பில் நைட்ரஜன் ஏறிக்கொண்டே போவது அவருக்குத் தெரியாது. என்ஜின் புகை காற்று இழுக்கும் வாயில் கலந்தால் கார்பன் மோனாக்சைடு நச்சு நேராக நுரையீரலுக்குப் போகும். குழாய் மடங்கினாலோ என்ஜின் நின்றாலோ கீழே இருப்பவர் கையில் ஒன்றுமில்லை. கூலியோ எடுக்கும் சங்கின் எண்ணிக்கையைப் பொறுத்தது. இப்படிப்பட்ட ஏற்பாட்டில் "போதும், மேலே வா" என்று சொல்ல ஒருவருமே இல்லை. வயிறு மட்டும்தான் பேசும்.

இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு உலகமறிந்த சாட்சி ஒன்று உண்டு. நடு அமெரிக்காவில் ஹோண்டுராஸ் நாட்டின் கரீபியக் கரையில் மிஸ்கிட்டோ என்ற பழங்குடி மக்கள் இருக்கிறார்கள். மூழ்குவதில் பிறவித் திறமைசாலிகள். பெரிய கம்பெனிப் படகுகள் அவர்களை ஏற்றிக்கொண்டு போய், சிலிண்டரை முதுகில் மாட்டி, சிங்கி இறால் எடுக்க இறக்கின. சரியான பயிற்சி இல்லை, ஆழத்துக்கும் நேரத்துக்கும் கணக்கில்லை, எடைக்குத்தான் கூலி. ஒரே நாளில் திரும்பத் திரும்ப இறங்கினார்கள். வாலிப வயதிலேயே கால் விளங்காமல் சக்கர நாற்காலியில் உட்கார்ந்தவர்களும், கரைக்குத் திரும்பாதவர்களும் நிறையப் பேர். 42 பேர் சார்பாகப் போன வழக்கில் அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் ஹோண்டுராஸ் அரசைப் பொறுப்பாக்கித் தீர்ப்பளித்தது. அவர்கள் மாட்டியிருந்ததும் சுற்றுலாக்காரர் மாட்டுகிற அதே ஸ்கூபாதான். கருவியில் குறையில்லை. நிறுத்துகிற அதிகாரம் அவர்களிடம் இல்லை.

இனி நம் ஊருக்கு வருகிறேன். நிறுத்துகிற அதிகாரத்தைப் பற்றிப் பழவேற்காட்டுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. இங்கே பாடு இருக்கிறது. ஏரியின் முகத்துவாரத்தை ஒட்டிய நல்ல இடங்களில் யார் எந்த நாள் வலை கட்டுவது என்று சீட்டுப்போட்டு முறைவைத்து, நல்ல இடமும் சுமாரான இடமும் எல்லோருக்கும் சுற்றிவரும்படி கோட்டைக்குப்பமும் ஆண்டிக்குப்பமும் நடுக்குப்பமும் தலைமுறைகளாக நடத்திவந்த ஏற்பாடு. இன்று உன் முறை இல்லை என்றால் இல்லை. எவ்வளவு பெரிய ஆளானாலும் வலையைச் சுருட்டி வைக்க வேண்டும். இந்தப் பாட்டுக்குள் எல்லோரும் இல்லை என்பதையும் இதே மேடையில் சொல்லியாக வேண்டும். சாதியும் ஊரும் பார்த்துக் கட்டிய வேலி அது. இருளர்களும் பிற ஊர்க்காரர்களும் அதற்கு வெளியே நிறுத்தப்பட்டார்கள். அதற்காக நடந்த சண்டையும் சமரசப் பேச்சும் உங்களுக்குத் தெரியும். அந்தக் குறையைக் களைய வேண்டும். ஆனால் காத்திருப்பதை ஊரே சேர்ந்து ஒரு சட்டமாக்கிவைத்த அறிவை இழந்துவிடக் கூடாது.

தென்கொரியாவில் ஜேஜு தீவின் ஹேனியோ பெண்களிடமும் இதே அறிவு இருக்கிறது. தம் கட்டி மூழ்கிச் சிப்பியும் கடற்பாசியும் எடுக்கிறவர்கள். பாட்டிகளான பிறகும் இறங்குகிறார்கள். சிலிண்டர் வாங்க வசதி இருந்தும் தங்கள் கடலில் சிலிண்டரோடு இறங்கக் கூடாது என்று கூட்டாக முடிவு செய்து வைத்திருக்கிறார்கள். மூச்சு முடியும்போது எடுப்பதும் முடியும், கடலுக்கும் கொஞ்சம் மிஞ்சும். 2016-இல் யுனெஸ்கோ அவர்களுடைய பண்பாட்டை மனிதகுலத்தின் மரபுச் செல்வமாக ஏற்றது. அவ்வளவு தூரம் போவானேன்? பாம்பன் பக்கம் சின்னப்பாலத்துப் பெண்கள் கண்ணாடியும் கையுறையுமாகப் பாசி எடுக்க மூழ்குகிறார்கள். எந்தெந்த நாட்களில் இறங்குவது, எப்போது விட்டுவைப்பது என்று அவர்களே கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான லட்சுமி மூர்த்திக்கு 2015-இல், தீவுச் சூழலைக் காப்பவர்களுக்கான சீகாலஜி விருது கிடைத்தது.

சரி, வேலை கிடைக்குமா என்ற கேள்விக்கு நேராக வருகிறேன்.

இந்தப் பழவேற்காடு ஏரியில் ஸ்கூபாவுக்கு இடமே இல்லை. பெரும்பாலான இடங்களில் இடுப்பளவுத் தண்ணீர், கலங்கல், அடியில் சேறு. முகத்துவாரம் அடைபட அடைபட இன்னும் மேடாகிறது. ஆகவே இங்கே டைவிங் சுற்றுலா கொண்டுவருகிறோம் என்று யாராவது வந்தால் எந்த இடத்தில் என்று முதலில் கேளுங்கள். கைடு வேலை புதுச்சேரியிலும் அந்தமானிலும் உண்டு. அதற்கு டைவ் மாஸ்டர் சான்றிதழ் வேண்டும். 18 வயது ஆகியிருக்க வேண்டும், பேடி (PADI) என்ற பயிற்சி அமைப்பின் கணக்குப்படி 60 முறை மூழ்கிய பதிவு வேண்டும். பயிற்றுநர் ஆக 100. நீச்சல் தேர்வில் உங்கள் பிள்ளைகளை யாரும் வெல்ல முடியாது. தடுமாறுவது ஆங்கிலத்திலும், பயந்துபோன ஆளிடம் பொறுமையாகப் பேசுவதிலும்தான். அதைக் கற்றுக்கொள்ளலாம். அந்தமானில் கரேன் இன இளைஞர்கள் அப்படித்தான் படகு வேலையிலிருந்து டைவ் வேலைக்கு வந்தார்கள். ஆனால் அது சீசன் வேலை. மழைக்காலத்தில் வருமானம் குறையும். அதற்காகப் படகையோ நகையையோ விற்றுப் பணம் கட்டாதீர்கள். மீன்பிடியையும் கையில் வைத்துக்கொண்டு போகிறவன் நிலைப்பான், ஏனென்றால் காற்று சரியில்லாத நாளில் "நான் இறங்கலை" என்று முதலாளியிடம் சொல்ல அவனுக்குத் துணிவு இருக்கும்.

தண்ணீருக்கடியில் வெல்டிங் செய்தால் லட்சக்கணக்கில் சம்பளம் என்று பேச்சு அடிபடுகிறது. அது ஸ்கூபா வேலையே அல்ல. அங்கே மேலிருந்து குழாய் வழியாகக் காற்றும் கம்பி வழியாகப் பேச்சுத் தொடர்பும் போகும், தலைக்கவசம் இருக்கும், மேலே மேற்பார்வையாளர் நேரம் குறித்துக்கொண்டிருப்பார். ஆழ்கடல் எண்ணெய்க் கிணறுகளில் வாரக்கணக்கில் அழுத்த அறைக்குள்ளேயே தங்கி வேலை செய்கிறவர்கள் உண்டு. அதற்கான படிப்பும் சான்றிதழும் வேறு. பொழுதுபோக்கு ஸ்கூபா சான்றிதழைக் காட்டி அந்த வேலைக்கு ஆளெடுப்பதாக யாராவது சொன்னால், அவரை நம்பிப் பிள்ளையை அனுப்பாதீர்கள். அந்த மாதிரி வேலை நமக்குப் பக்கத்தில் இருப்பது எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களில்தான். காட்டுப்பள்ளி விரிவாக்கத்தை எதிர்த்து இந்த ஊர்கள் எத்தனை முறை தெருவுக்கு வந்தன என்பதை நான் மறக்கவில்லை. அந்த வேலைக்குப் போகிற பிள்ளையை யாரும் துரோகி என்று பார்க்க வேண்டாம் என்றுதான் கேட்டுக்கொள்கிறேன்.

எந்த வேலையானாலும் சேருவதற்கு முன் கேளுங்கள்: கடல் சரியில்லாத நாளுக்குக் கூலி உண்டா? இறங்கலாமா வேண்டாமா என்று முடிவு செய்வது யார்? நைட்ரஜன் குமிழியால் நோய் வந்தால் அழுத்த அறை இருக்கும் ஆஸ்பத்திரி எங்கே, எத்தனை மணி நேரத்தில் கொண்டுபோவீர்கள்? காப்பீட்டில் மூழ்கும் வேலை என்று எழுதியிருக்கிறதா? வருஷக்கணக்கில் ஆழத்தில் வேலை செய்தவர்களுக்கு இடுப்பு எலும்பும் தோள் எலும்பும் செத்துப்போகும் நோய் வருவதுண்டு. வேலையை விட்டு வெகுநாள் கழித்துக்கூட அது தெரியவரலாம். அந்தச் செலவை யார் ஏற்பது என்றும் கேளுங்கள்.

இதெல்லாம் பேராசையான கேள்விகள் அல்ல. விசைப்படகுகளுக்கு ஏப்ரல் 15 முதல் 61 நாள் தடை. அந்த நாட்களுக்கு மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணம் தருகிறது. போகாத நாளுக்கும் ஒரு விலை உண்டு என்பதை அரசே ஒப்புக்கொண்டிருக்கிறது. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகாதே என்கிறார்கள். அன்றைய பிழைப்புக்கு என்ன வழி என்று நீங்கள் கேட்பதும் இதே நியாயம்தான்.

இந்த ஊருக்கென்றே ஒரு மூழ்கும் வேலை இருக்கிறது என்று நினைக்கிறேன். 2011 டிசம்பர் 25 அன்று இங்கே படகு கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். அன்றைக்குத் தண்ணீரில் இறங்கித் தேடியவர்கள் யார் என்று இந்த மண்டபத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். எங்கே ஆள் மூழ்கினாலும் கூப்பிடுவது மீனவரைத்தான். இறங்கும்வரை வீரர், ஏறியபின் யாரும் கேட்பதில்லை. முகத்துவாரத்து நீரோட்டத்தை அறிந்த இளைஞர்களுக்கு மீட்புப் பயிற்சியும் கருவியும் மாதச் சம்பளமும் காப்பீடும் கொடுத்து ஒரு குழுவை இங்கேயே நிரந்தரமாக வைக்க வேண்டும். விபத்து நடக்காத மாதத்திலும் அந்தச் சம்பளம் வர வேண்டும். ஊர்ப் பஞ்சாயத்துகள் சேர்ந்து மனு எழுதினால் அதில் நானும் கையெழுத்திடுகிறேன்.

இன்னொரு வேலையும் உண்டு. ஏரியின் அடித்தளம் எப்படி மாறுகிறது, எங்கே இறால் குஞ்சு தங்குகிறது, எங்கே மட்டி அழிகிறது என்று யாராவது தொடர்ந்து பார்த்துப் பதிவு செய்ய வேண்டும். அதற்குச் சிலிண்டர் தேவையில்லை. நம் இருளர் பெண்கள் தண்ணீர் கழுத்தளவுக்கு வரும்படி குனிந்து, ஓலைப் பறியின் கயிற்றைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பதை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். சேற்றின் சூட்டையும் மணலின் பருமனையும் விரலாலேயே அறிகிறவர்கள் அவர்கள். ஏரியைப் பற்றி ஆய்வு என்று எந்த நிறுவனம் வந்தாலும், சம்பளப் பட்டியலில் முதலில் அவர்கள் பெயரை எழுதச் சொல்லிப் பஞ்சாயத்தார் கேட்க வேண்டும். கூலிக்குச் சேறு அள்ளும் ஆளாக அல்ல, அந்த ஆய்வைச் செய்கிற ஆளாக.